மெட்டித் தழும்பு

ஸ்ரீராம்புரம், பெங்களூர்-21
11-5-1958

அன்புள்ள மாமாவுக்கு,

பிலாய் போய்ச் சேர்ந்ததும் நீங்கள் போட்ட கார்டு வந்தது. ரயிலில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போய்விட்டது என்று எழுதியிருந்ததை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "அவன் வீட்ல இருக்கச்சயும் அதத்தான் சொல்வான்" என்றார்கள். அதனால் நாங்கள் இருவரும் கவலைப்படவில்லை.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. மைசூர் ரோட்டில் கரண்டு மீட்டர் செய்கிறார்களே, அந்தக் கம்பெனியில்தான். நீங்கள் ரயிலேறும்போது சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன். ஆபீஸ் குமாஸ்தா கன்னடத்தில் "மதுவெ ஆகிதெயா?" என்று கேட்டார். கல்யாணம் ஆகவில்லை என்று தலையை ஆட்டினேன். அதோடு விட்டால் பரவாயில்லை. ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்தும் போடச் சொன்னார். நான் மணமாகாதவள், மணமானால் அன்றைக்கே வேலையிலிருந்து விலகிக்கொள்வேன் என்று. ஒவ்வொரு வருஷமும் ஜனவரியில் இதையே மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கை நடுங்கி மை சிந்திவிட்டது. குமாஸ்தா வேறு தாள் கொடுத்தார். நான் பயந்த சுபாவம் என்று நினைத்திருப்பார்.

காயில் சுற்றுவதுதான் என் வேலை. தலைமுடியைவிட மெல்லிசாகச் செம்புக் கம்பி வரும். அதை ஒரு கட்டையின்மேல் ஆயிரக்கணக்கான சுற்று சுற்ற வேண்டும். கை வேர்த்தால் கம்பி அறுந்துவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். கம்பி விரலைக் கிழிக்காமல் இருக்க எல்லோரும் விரலில் துணிப்பட்டை சுற்றிக்கொள்கிறோம். வளையல், சங்கிலி எதுவும் கூடாது. அது நமக்கு நல்லதாகப் போயிற்று, கழுத்து வெறுமையாக இருப்பதை யாரும் கேட்பதில்லை.

ஆனால் மாமா, வாசலில் நகையைக் கழற்றி வாட்ச்மேனிடம் கொடுக்க வேண்டும். தாலியை எப்படிக் கொடுப்பது? அதனால் வீட்டிலேயே கழற்றி, அடுப்பங்கரை மாடத்தில் இருக்கும் பழைய பவுடர் டப்பாவில் வைத்துவிட்டுப் போகிறேன். சாயங்காலம் வந்ததும் எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். அத்தைக்குக்கூடத் தெரியாது. ரவிக்கைக்குள் மறைத்துக்கொண்டு போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்களுக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன். மெட்டியைக் கழற்றத்தான் சோப்புப் போட வேண்டியிருந்தது. விரலில் வெள்ளையாகத் தழும்பு விழுந்திருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் சரளா


பிலாய், ஒன்றாம் நம்பர் கேம்ப்
23-5-1958

அன்புள்ள சரளாவுக்கு முனிராஜ் எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. நான் சொன்ன யோசனை பலித்ததில் சந்தோஷம். நான் ஒன்றைச் சொன்னால் அதில் விஷயம் இருக்கும் என்று இப்போதாவது தெரிந்திருக்கும்.

இங்கே இரும்பாலை கட்டுகிற இடத்தில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஒரு ஷெட்டில் இருபது பேர் படுக்கிறோம். ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான் சாப்பாடு. பக்கத்துக் கட்டில் ஞானசேகரன், சேலத்துக்காரன். பெண்டாட்டி சம்பாதிக்கிறாள் என்று அவனிடம் சொன்னேன். "அப்ப நீ எதுக்கு இங்க வெயில்ல காயற?" என்று கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். இனிமேல் சொல்ல மாட்டேன்.

நம் தெருவிலிருந்து இவ்வளவு தூரம் நீ எப்படிப் போகிறாய்? யாரோடு போகிறாய்? அந்தக் கம்பெனியில் நமக்குத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்? விவரமாக எழுது. நான் தூரத்தில் இருப்பவன், நினைப்பு எங்கெங்கோ போகும்.

அம்மாவுக்குக் கண்ணில் மருந்து தவறாமல் போடு.

முனிராஜ்


ஸ்ரீராம்புரம்
8-6-1958

அன்புள்ள மாமாவுக்கு,

விவரமாக எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். ஏழு மணி பஸ்ஸில் போகிறேன். இரண்டாவது சந்து வெங்கடசாமி அதே கம்பெனியில் டைம் ஆபீசில் இருக்கிறார். எங்கள் கார்டில் நேரம் பதிகிறவர் அவர்தான். சில நாள் அதே பஸ்ஸில் வருவார். எனக்குக் கல்யாணம் ஆனது தெரிந்தும் வாயைத் திறக்காதவர். அவர் மூத்த மகளுக்கு என் வயது. நினைப்பை எங்கெங்கோ அனுப்பாதீர்கள், பிலாயிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பிரிவில் முப்பத்திரண்டு பெண்கள். சூப்பர்வைசர் மிஸ் மௌரீன், ஆங்கிலோ இந்தியர், தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்க வராது, எங்களையும் 'மேன்' என்றுதான் கூப்பிடுவார். கண்ணாடி அறையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கம்பியைத் தொடுகிற வேலை அவருக்கு இல்லை. இருந்தாலும் இடது கையில் ஒரே ஒரு விரலில் எப்போதும் துணிப்பட்டை சுற்றியிருக்கும். என்ன காயமோ, ஆறவே மாட்டேன் என்கிறது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் பத்திரிகைத் தொடர்கதையை உரக்கப் படிக்க வேண்டும், மற்றவர்கள் கேட்பார்கள். நேற்றுக் கதாநாயகியைக் கிணற்றங்கரையில் விட்டுவிட்டுத் தொடரும் போட்டுவிட்டான். முப்பது பேரும் என்னைத் திட்டினார்கள். மாமா, இவ்வளவு பேரோடு சேர்ந்து சிரித்து எனக்குப் பழக்கமே இல்லை. நன்றாக இருக்கிறது.

வீட்டில் புதுச் செய்தி இல்லை. எதிர்வீட்டுப் பாப்பம்மா வாசலுக்கு வந்தால் அத்தை உள்ளே வந்துவிடுகிறார்கள். இருபது வருஷத்துப் பகை அப்படியே இருக்கிறது.

உங்கள் சரளா


பிலாய்
2-8-1958

சரளாவுக்கு,

எனக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்திருக்கிறது. பெயர் இல்லை, ஊர் இல்லை. இரண்டு நாளாக வேலையில் கை ஓடவில்லை. நேற்று ஸ்பானரைத் தவறவிட்டு மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கினேன்.

என்ன எழுதியிருக்கிறது என்று சொல்கிறேன், நீயே யோசித்துக்கொள். 'உன் பெண்டாட்டி கம்பெனியில் குமரி என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். தாலியைக் கழற்றிப் பவுடர் டப்பாவில் போட்டுவிட்டு வெங்கடசாமியோடு சிரித்துக்கொண்டு பஸ் ஏறுகிறாள். நீ அங்கே இரும்பு தூக்கு' என்று எழுதியிருக்கிறது.

கல்யாணம் ஆகவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவளுக்கு மற்றதெல்லாம் எவ்வளவு தூரம்? அதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று நீ சொல்வாய். சொன்னேன். ஆனால் அது காகிதத்துக்குச் சொன்னது. நீ அதையே பழக்கமாக்கிக்கொண்டாய் போலிருக்கிறது.

கடிதம் கண்டதும் வேலையை விட்டுவிடு. இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் எனக்குக் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். நீ இங்கே வந்துவிடு. அம்மாவை அக்கா வீட்டில் விடலாம். தெருவில் எனக்கு முகம் இருக்க வேண்டும்.

முனிராஜ்


ஸ்ரீராம்புரம்
12-8-1958

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அத்தைக்கு முழுதாகப் படித்துக் காட்டவில்லை. நடுவில் இருந்ததை விட்டுவிட்டு, உடம்பு சௌக்கியம் என்று எழுதியிருக்கிறீர்கள் என்றேன். அவர்களுக்குப் படிக்கத் தெரியாதது அன்றைக்கு எனக்கு உதவியாக இருந்தது.

ஒரு வாரமாக நான் யாரையும் நேராகப் பார்ப்பதில்லை. முதலில் பாப்பம்மாவைச் சந்தேகப்பட்டேன். அவள் வீட்டு ஜன்னல் நம் அடுப்பங்கரைக்கு நேராகத்தான் இருக்கிறது. குழாயடியில் அவளோடு சண்டையும் போட்டுவிட்டேன். அவள் ஒன்றும் புரியாமல் குடத்தை வைத்துவிட்டு நின்றாள். பிறகு வெங்கடசாமியைச் சந்தேகப்பட்டு எட்டு மணி பஸ்ஸுக்கு மாறினேன். இரண்டு நாள் கார்டில் தாமதம் விழுந்தது. மௌரீன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என் காலையே பார்க்கிறார் என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. செருப்புக்குள் விரலை மடக்கிக்கொண்டு உட்காருகிறேன். மத்தியானம் கதை படிப்பதையும் நிறுத்திவிட்டேன். யார் சிரிப்பு உண்மை, யார் சிரிப்பு பொய் என்று தெரியாமல் எப்படிப் படிப்பது?

பிறகு ஒரு நாள் காயில் சுற்றிக்கொண்டே யோசித்தேன். பவுடர் டப்பா விஷயம் அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது? பாப்பம்மாவின் ஜன்னலிலிருந்து பார்த்தால் மாடம் தெரியாது, அந்த ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். அத்தையைக் கேட்டேன், 'எந்த டப்பா?' என்றார்கள். நான் அதை வாயால் யாரிடமும் சொல்லவில்லை. எழுதியதும் ஒரே ஒரு முறைதான்.

அந்த மொட்டைக் கடிதத்தை எனக்கு அனுப்பி வையுங்கள். கையெழுத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவேன். உறையையும் சேர்த்து அனுப்புங்கள், எந்தத் தபாலாபீஸ் முத்திரை என்று பார்க்க வேண்டும்.

வேலையை விடுவதைப் பற்றிக் கடிதத்தைப் பார்த்த பிறகு பேசலாம்.

சரளா


பிலாய்
22-8-1958

சரளாவுக்கு,

நான் கேட்டதற்குப் பதில் இல்லை. நீ என்னைக் குறுக்கு விசாரணை செய்கிறாய். அந்தக் கடிதத்தைக் கண்ட கோபத்தில் அடுப்பில் போட்டுவிட்டேன். உறையும் அதோடு போயிற்று. அந்த அசிங்கத்தை வைத்துக் கும்பிடச் சொல்கிறாயா?

டப்பா விஷயம் எப்படித் தெரிந்தது என்று என்னைக் கேட்டால்? உன் கடிதத்தை இங்கே யாராவது படித்திருப்பார்கள். என் டிரங்குப் பெட்டிக்குப் பூட்டு இல்லை. ஞானசேகரன் ஒரு மாதிரி ஆள்.

முத்திரையைப் பார்க்கிறவளுக்குப் புருஷன் முகத்தைப் பார்க்க நேரம் இருக்காது. வேலையை விட்டாயா இல்லையா, அதை மட்டும் எழுது.

முனிராஜ்


ஸ்ரீராம்புரம்
7-9-1958

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனம் நோகும்படி எழுதிவிட்டேன். தூரத்தில் தனியாக இருக்கிறவரிடம் முத்திரை, உறை என்று கேட்டது தப்புத்தான். மறந்துவிடுங்கள். பாப்பம்மாவைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறேன், வேறென்ன செய்வது?

வேலையை உடனே விட முடியவில்லை. தீபாவளி வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அத்தையின் கண்ணுக்கு இன்னும் வைத்தியம் பாக்கி இருக்கிறது.

டப்பாவைப் பற்றி இத்தனை பேச்சு வந்த பிறகு தாலியை அதில் வைக்க மனம் வரவில்லை. கம்பெனிக்கு டிபன் கொண்டுபோக சிவப்புத் துணியில் ஒரு பை தைத்திருக்கிறேன். அதன் அடித்துணியை இரட்டையாக மடித்து, நடுவில் தாலியை வைத்துத் தைத்துவிட்டேன். பை நாள் முழுதும் என் மெஷின் பக்கத்திலேயே இருக்கும். நீங்கள் கட்டியது கழுத்தில் இல்லாவிட்டாலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்றுதான். இந்தத் தடவை சத்தியமாக யாருக்கும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். உங்கள் பெட்டிக்குப் பூட்டு இல்லை.

உங்கள் சரளா


பிலாய்
19-9-1958

அன்புள்ள சரளாவுக்கு,

உன் கடிதம் படித்து மனம் குளிர்ந்தது. இப்படி எழுதத்தான் உனக்கு அழகு. தீபாவளி வரை என்று நீ சொன்னதைப் பற்றி யோசிக்கிறேன். கடவுள் அதற்குள்ளாகவே வழிவிடுவார். சில காரியங்கள் நாம் நினைக்காத விதத்தில் தானாக முடியும்.

குவார்ட்டர்ஸ் லிஸ்டில் என் பெயர் பதினான்காவது. ஒரு அறை, ஒரு சமையற்கட்டு, தனிக் குழாய். நீ குழாயடியில் யாரோடும் சண்டை போட வேண்டியிருக்காது.

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

முனிராஜ்


ஸ்ரீராம்புரம்
14-10-1958

முனிராஜ் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். நான் நிதானமாகத்தான் எழுதுகிறேன். நான்கு நாள் ஆறப்போட்ட பிறகு எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மௌரீன் என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். டிபன் பையோடு வரச் சொன்னார். போனேன். மேஜைமேல் பையை வைத்தேன். அவர் கையில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. மானேஜருக்குத் தபாலில் வந்ததாம். மானேஜர் பம்பாய்க்காரர், தமிழ் தெரியாது. உறைமேல் மட்டும் 'காயில் செக்‌ஷன்' என்று இங்கிலீஷில் இருந்ததாம். உங்கள் பிரிவைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறது, யாரையாவது படிக்கச் சொல்லி, என்னவென்று இங்கிலீஷில் எழுதிக் கொடுங்கள் என்று மௌரீனிடம் கொடுத்துவிட்டார். "நீதானே மேன் கத படிக்கிறவ. இதையும் படி" என்று தாளை என்னிடம் நீட்டினார் மௌரீன்.

பிரித்தேன். எழுத்து இடது பக்கமாகச் சாய்ந்து கிடந்தது, வலது கைக்காரர் இடது கையால் எழுதிய எழுத்து. என்ன இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், நீங்கள் ஒரு முறை என் குரலில் கேட்க வேண்டும். 'காயில் பிரிவில் சரளா என்பவள் கல்யாணமானவள். கம்பெனியை ஏமாற்றி வேலை செய்கிறாள். சாட்சி வேண்டுமானால் அவள் சிவப்புப் பையின் அடித்துணியைப் பிரித்துப் பாருங்கள், தாலி இருக்கும்.'

பை என் முன்னால்தான் இருந்தது. அதன் அடித்துணியில் ஒன்றும் இல்லை. வெறும் துணி. அதற்குள் தாலி இருப்பதாக நான் எழுதியது இந்த உலகத்தில் உங்களுக்கு மட்டும்தான்.

நீங்களாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் அந்தப் பொய்யை எழுதினேன். ஒரு மாதம் ஒன்றும் வரவில்லை. நான் அற்பமானவள், புருஷனைச் சோதிக்கிறேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். இந்த ஒரு மாதம் உங்களிடம் மனதுக்குள் எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டிருப்பேன் தெரியுமா?

மௌரீன் காத்துக்கொண்டிருந்தார். என்ன படிப்பது? கம்பி அறுந்துவிட்டால் என்ன செய்வேனோ அதையே செய்தேன், மூச்சை அடக்கிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினேன். "கேன்டீன் சாம்பாரில் பருப்பே இல்லை, பெண்கள் அரைவயிறு சாப்பிட்டு வேலை செய்கிறார்கள், மானேஜர் தயவுசெய்து கவனிக்க வேண்டும்" என்று கண்ணை எடுக்காமல் படித்தேன். இடையில் தண்ணீர்ப் பானைக்கு மூடி இல்லை என்றும் சேர்த்துக்கொண்டேன். மௌரீன் ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டார். தமிழ்த் தாளை ஃபைலில் வைப்பார் என்று பார்த்தேன். மடித்து என் பைக்குள் போட்டார்.

பிறகு என் காலைப் பார்த்தார். நான் விரலை மடக்கினேன். அவர் இடது கை விரலில் இருந்த துணிப்பட்டையை மெதுவாகச் சுற்றிச் சுற்றி எடுத்தார். காயம் எதுவும் இல்லை. மோதிரம் கிடந்த வெள்ளை வட்டம் மட்டும் இருந்தது.

"மெட்டித் தழும்பு ஒரு வருஷத்துல போயிடும். இது ஒம்போது வருஷமா போகல" என்றார்.

அவருக்கு வீட்டுக்காரர் இருக்கிறார். ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை. ஏழு வயதில் ஒரு மகளும் இருக்கிறாள், கம்பெனிக்காரர்களுக்கு அவள் அக்கா மகள். நான் சேர்ந்த முதல் நாளே என் காலைப் பார்த்துத் தெரிந்துகொண்டாராம். அந்தத் தாளை மானேஜர் கொடுத்ததும், நிச்சயம் யாரையோ பிடித்துக் கொடுக்கிற கடிதம் என்று யூகித்திருக்கிறார். யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாலும் ஆபத்து. எதையும் தடுமாறாமல் படிக்கிறவள் நான் ஒருத்தி என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார். பையைக் கொண்டுவரச் சொன்னது தாளை வெளியே எடுத்துப் போக.

இந்த மனுஷியை நான் இரண்டு மாதம் சந்தேகப்பட்டேன். வெங்கடசாமியைக் கண்டு பஸ் மாறினேன். பாப்பம்மாவைக் குழாயடியில் வாயில் வந்தபடி பேசினேன். நீங்கள் ஒருவர் சொன்ன பொய்யால் தெரு முழுக்க எனக்கு எதிரியானது. உங்கள்மேல் கோபம் அதற்குத்தான் அதிகம்.

நேற்றுக் கேன்டீன் சாம்பாரில் பருப்பு இருந்தது. பானைக்கு மூடியும் வந்துவிட்டது. உங்கள் கடிதத்தால் முப்பத்திரண்டு பேருக்கு நல்லது நடந்திருக்கிறது.

எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். ஆகஸ்டில் உங்களுக்கு மொட்டைக் கடிதம் உண்மையிலேயே வந்ததா?

சரளா


பிலாய்
3-11-1958

சரளாவுக்கு,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

வரவில்லை. எனக்கு யாரும் எழுதவில்லை.

நீ எனக்குக் கண்ணி வைத்தாய். கட்டியவனுக்குக் கண்ணி வைக்கிறவளை என்னவென்று சொல்வது? இதை முதலில் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் எனக்கு ஆறாது.

ஜூனில் நீ எழுதினாயே, இத்தனை பேரோடு சிரிப்பது நன்றாக இருக்கிறது என்று. அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னோடு இருந்த மூன்று வருஷத்தில் நீ அப்படிச் சொன்னதில்லை. நான் இல்லாத இடத்தில் உனக்கு ஒரு சந்தோஷம் இருப்பது எனக்குத் தாங்கவில்லை. வேறு யாரும் உன்னைக் குறை சொன்னதாக இருந்தால் நீ பயந்து வருவாய் என்று நினைத்தேன். நீ பயப்படவில்லை. வேலை போய்விட்டால் வேறு வழியில்லாமல் ரயிலேறுவாய் என்று நினைத்தேன். நான் சொன்னால் கேட்க மாட்டாய், கம்பெனி சொன்னால் கேட்பாய் என்று.

நடந்தது நடந்துவிட்டது. குவார்ட்டர்ஸ் சாவி பதினெட்டாம் தேதி கொடுக்கிறார்கள். நீ புறப்பட்டு வா. நீ என்னைச் சோதித்ததை நான் மன்னித்துவிடுகிறேன், நான் செய்ததை நீ மறந்துவிடு. பொங்கலுக்குள் வந்துவிடு. ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன்.

ஒன்று மட்டும் சொல். தாலி பையில் இல்லை என்றால் எங்கே இருக்கிறது?

முனிராஜ்


ஸ்ரீராம்புரம்
9-1-1959

முனிராஜ் அவர்களுக்கு,

பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. நீங்கள் நடுவில் போட்ட இரண்டு கார்டும் தந்தியும் வந்தன. நான் உடம்பு சரியில்லாமல் இல்லை. யோசித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் நவம்பர் கடிதத்தை அத்தைக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். அதோடு பழைய கடிதங்களையும், அந்த மொட்டைக் கடிதத்தையும். இனிமேல் அவர்களுக்குத் தெரியாமல் எதையும் விட்டுப் படிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். கேட்டுவிட்டு முறத்தை எடுத்தார்கள். அரிசி புடைத்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு ஒரு விஷயம் சொன்னார்கள், அது உங்களுக்கும் தெரியாது.

அத்தை முனிசிபாலிட்டியில் பெருக்குகிற வேலையில் இருந்தார்களாம், நீங்கள் சிறுபிள்ளையாக இருந்தபோது. திடீரென்று ஒரு நாள் மேஸ்திரி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார், உனக்குச் சயரோகம் என்று யாரோ சொன்னார்கள் என்று. எதிர்வீட்டுப் பாப்பம்மாதான் பொறாமையில் சொன்னாள் என்று மாமனார் அடித்துச் சொன்னாராம். அன்றிலிருந்து அத்தை அவளோடு பேசுவதில்லை. "எனக்கு ராத்திரியில இருமல் வர்றது பக்கத்துல படுத்திருந்த அந்த ஆளுக்கு மட்டும்தான் தெரியும். இருபது வருஷமா இது எனக்குத் தோணல பாரு" என்றார்கள். அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

மறுநாள் காலையில் அத்தை வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன், குழாயடியில் பேசியதற்கு எனக்கும் அங்கே வேலை இருந்தது. பாப்பம்மா எங்கள் இருவரையும் வாசலிலேயே நிறுத்தி வைத்து நன்றாகத் திட்டினாள். திட்டி முடித்துவிட்டுக் காபி கொடுத்தாள். இப்போது சாயங்காலமானால் அத்தை அங்கேதான் இருக்கிறார்கள், நான் போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது.

நான் பிலாய்க்கு வரவில்லை. அத்தையும் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. இங்கேதான் இருக்கப் போகிறார்களாம், எழுதச் சொன்னார்கள். நீங்கள் மன்னித்ததாக எழுதியிருந்தீர்கள். சோதித்தது தப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள், மன்னிப்பு வேண்டாம்.

நீங்கள் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. வேலைக்குப் போ என்று நீங்கள்தான் சொன்னீர்கள். போனவள் சிரிப்பாள் என்று நீங்கள் நினைக்கவில்லை, அவ்வளவுதான். தனிக் குழாய் இருக்கிற அந்த வீட்டில் நான் ஒவ்வொரு முறை சிரிக்கும்போதும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சிரிக்க வேண்டும். அது என்னால் முடியாது.

தாலி எங்கே என்று கேட்டீர்கள். பவுடர் டப்பாவில்தான் இருந்தது. அதை நான் இடம் மாற்றவே இல்லை. டப்பாவோடு அத்தையிடம் கொடுத்துவிட்டேன். லீவில் வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள். மெட்டியும் அதிலேயே இருக்கிறது.

எங்கள் பிரிவுப் பெண்கள் யூனியனுக்கு ஒரு மனு கொடுத்திருக்கிறோம். வருஷா வருஷம் எழுதி வாங்குகிற அந்தப் படிவத்தை எடுத்துவிட வேண்டும், எங்கள் வேலையைப் பற்றிக் கேளுங்கள், வீட்டைப் பற்றிக் கேட்காதீர்கள் என்று. வெங்கடசாமி அதை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். மணமானவர் யார், ஆகாதவர் யார் என்று எங்கேயும் சொல்லாமல் முப்பத்திரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். முதல் கையெழுத்து மௌரீன். எப்போது முடிவு வரும் என்று தெரியாது. வேலை போனாலும் போகும், எல்லோருக்கும் சேர்ந்து போகும்.

அதுவரை பழைய வழக்கம்தான். திங்கட்கிழமை குமாஸ்தா படிவத்தோடு வந்தார். போன மே மாதம் மை சிந்தினேனே, அதை ஞாபகம் வைத்திருந்தார். இரண்டு தாளாகவே கொண்டுவந்திருந்தார். ஒன்று போதும் என்றேன். மணமாகாதவள் என்று நிறுத்தாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கை நடுங்கவில்லை. பொய் எழுதுகிறோம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

சரளா